சம்பல் டப்பாவும் நீலப் புத்தகமும்

அன்பு மகள் தாராவுக்கு, கிள்ளானிலிருந்து அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் அப்பாவின் முட்டிவலியும் இங்கே சௌக்கியம். டப்ளினில் நீ சௌக்கியமா என்று கேட்க வேண்டும், ஆனால் உன் நீலப் புத்தகத்திடம் கேட்டால்தான் சரியான பதில் வரும் போலிருக்கிறது.

ஆமாம், கோபம்தான். முன்பெல்லாம் நீ பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் ஏறியதும் போன் அடிப்பாய், எனக்கு இங்கே மத்தியானம் மூன்று மணி, டீ ஆறிப்போகும்வரை பேசுவோம். இப்போது ஞாயிற்றுக்கிழமை பத்தே நிமிடம். ஏன்டி என்றால், பஸ்ல நான் டெய்லி அந்த நீலப் புத்தகத்துல எழுதறேன்மா, மனசுல இருக்கறத எல்லாம் அதுல கொட்டிட்டா தலை லேசாயிடுது, ஸ்ட்ரெஸ் இல்ல, பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தா கவனம் நிக்குது என்கிறாய். கொட்டுவதற்கு நான் ஒருத்தி இல்லையா? அதுவும் யார் கொடுத்த புத்தகம்? என் தங்கை உஷாராணி ரவாங்கிலிருந்து ஏர்போர்ட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தது. பெட்டி எடை கூடிவிட்டது என்றதும் நீ எதை வெளியே எடுத்தாய்? விடியற்காலையில் எழுந்து நான் வதக்கிய நெத்திலி சம்பலை. அவள் புத்தகம் மட்டும் பத்திரமாக விமானம் ஏறியது. அந்தச் சம்பலை அப்பா ஒரு வாரம் வைத்துச் சாப்பிட்டார், எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

போன மாதம் உஷாராணி வந்திருந்தாள். பிரிக்பீல்ட்ஸில் இப்படி எழுதுவதற்கென்றே ஒரு வகுப்புக்குப் போகிறாளாம், அதில்தான் இதெல்லாம் கற்றுக்கொண்டாளாம். பேச்சுவாக்கில், தாரா இப்ப பரவால்லக்கா, நடுவுலதான் பாவம் ரொம்ப அழுதுட்டா என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நீ அழுதது அவளுக்குத் தெரியும், பெற்றவளுக்குத் தெரியாது. அவளுக்கு டீயில் சீனிகூடப் போடாமல் கொடுத்தேன்.

சரி, அப்படி என்னதான் இருக்கிறது பார்த்துவிடலாம் என்று நானும் ஒரு நோட்டு வாங்கினேன். முப்பத்திரண்டு வருடம் வார்டில் ரிப்போர்ட் புக் எழுதிய நர்சுக்கு இது பெரிய விஷயமா? முதல் நாள் எழுதினேன், பேஷன்ட், பெண், வயது அறுபத்திரண்டு, தூக்கம் குறைவு, பசி சுமார், மகள் போன் செய்யவில்லை என்று புகார். கீழே கையெழுத்தும் போட்டேன். போனில் படித்துக் காட்டியதும் உஷாராணி விழுந்து விழுந்து சிரித்தாள், ஐயோ அக்கா, அது டாக்டர் பார்க்கறதுக்கு லா, இது உனக்கு மட்டும், உள்ள என்ன இருக்கோ அதை எழுது என்றாள். எழுதினேன். உன் மேல் பொறாமைடி, அந்த நீலப் புத்தகத்தின் மேலும் பொறாமை என்று அவளையே திட்டி இரண்டு பக்கம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அன்று பிரஷர் இறங்கித்தான் இருந்தது, நன்றாகத் தூங்கவும் செய்தேன். இதை அவளிடம் சொல்லித் தொலைக்காதே.

முந்தாநாள் பாசாருக்குப் போய் மீன் வாங்கிவிட்டு வந்து பார்த்தால், அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் நோட்டைப் படித்துக்கொண்டிருக்கிறார். மேசை மேலதானே கிடந்துச்சு, இதுல என்ன இருக்கு என்கிறார். எனக்கு வந்ததே ஆத்திரம், பிடுங்கிக்கொண்டு கத்தினேன். அடுப்படியில் போய் நின்றபோதுதான் உன் ஞாபகம் வந்தது. பதினைந்து வயதில், பள்ளிக்கூடத்தில் ஃபார்ம் த்ரீ படிக்கும்போது நீ டைரி எழுதினாய். கட்டில்மேல் கிடந்ததை நான் எடுத்துப் படித்தேன். அடுத்த ஷிப்டுக்கு வருகிற நர்ஸ் முதலில் ரிப்போர்ட் புக்கைத்தான் படிப்பாள், படிக்காவிட்டால்தான் தப்பு, எனக்கு அந்தப் பழக்கம். படித்ததோடு விட்டேனா, கடைசிப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் 'பார்த்தேன்' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் வைத்தேன். நீ சண்டை போடவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டாய், மனசில் இருப்பதை என்னிடம் சொல்வதையும் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டாய். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நான் எல்லாரிடமும் பெருமை பேசினேன். நீ உஷாராணியிடம் அழுதாய், என்னிடம் அழவில்லை, அதற்கு உஷாராணி காரணம் இல்லை. தப்பு என்னுடையதுதான். அம்மாவை மன்னித்துவிடு.

பரீட்சை முடியும்வரை வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. பஸ்ஸில் எழுதுவதை எனக்காக விட்டுவிடாதே. ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் எனக்குப் போதும். போதாதுதான், இருந்தாலும் பரவாயில்லை. பார்சலில் நெத்திலி சம்பல் வைத்திருக்கிறேன், மறக்காமல் பிரிட்ஜில் வை. அடியில் ஒரு புதுப் புத்தகம் இருக்கும். உஷாராணி கொடுத்ததைவிட நூறு பக்கம் கூட, அவளுக்கே போன் போட்டு எத்தனை பக்கம் என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினேன். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை, உன் பெயரைக்கூட எழுதவில்லை. லீவில் வரும்போது அதைக் கட்டில்மேல் எப்படி வேண்டுமானாலும் போட்டு வை.

முருகன் உனக்குத் துணையிருப்பான், நினைத்தது நடக்கும், நன்றாக இரு மகளே. இனி நான் கையெழுத்துப் போடுவது என் கடிதத்தில் மட்டும்தான்.

உன் அம்மா,
தங்கமணி