ஸ்டவ்வோடு அவளும் கப்பலேறுகிறாள்

சேசு மரி சூசை துணை

புதுச்சேரி

மகன் சவரிராயனுக்கு அம்மா ஆனந்தமேரி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், உன் பெண்சாதி அகஸ்டினாவின் வலது கை ஒன்றைத் தவிர. சைகோனில் நீ சுகமா என்று கேட்க இப்போது மனசு வரவில்லை, ஆனாலும் பெற்றவள், கேட்டுத்தான் ஆகவேண்டும்.

உன் கடிதத்தை அகஸ்டினாதான் முதலில் பிரித்துப் படித்தாள். மூலக்குளத்துப் பட்டிக்காட்டுப் பெண்ணுக்கு வறட்டிதான் லாயக்கு, ஸ்டவ்வைச் சரியாகப் பழகிய பிறகுதான் சைகோனுக்குக் கூப்பிடுவேன் என்று எழுத உனக்கு எப்படியடா கை வந்தது? சைகோன் கடையில் இருந்ததிலேயே பெரிய மண்ணெண்ணெய் ஸ்டவ்வாகப் பார்த்துப் பொறுக்கினாயே, அதன் துவாரத்தைக் குத்துகிற ஊசியை உன் மேசைமேலேயே விட்டுவிட்டதாக நீயே எழுதியிருக்கிறாயே, அதை யார் கேட்பது? கூட வந்த தாள் முழுக்கப் பிரெஞ்சு. அதைத் தமிழில் நாலு வரி எழுதி வைக்க உனக்கு நேரமில்லை. ஆனால் ஜன்னலண்டைதான் வைக்கவேண்டும் என்று மட்டும் மறக்காமல் உத்தரவு போட்டாய். நம் வீட்டு ஜன்னலில் கடல்காற்று எப்படி அடிக்கும் என்று இங்கேயே பிறந்த உனக்குத் தெரியாதா? பற்றவைத்தால் அணையும், மறுபடி பற்றவைப்பாள், மறுபடி அணையும். கடைசியில் நான்தான் மூலைக்கு மாற்றச் சொன்னேன்.

பாஸ்காத் திருநாளுக்கு முன்னால் வீட்டுப் பித்தளையெல்லாம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பது நம் வீட்டு வழக்கம். பீடத்து மெழுகுவர்த்தித் தண்டுகளோடு ஸ்டவ்வையும் கிணற்றடியில் போட்டு நானும் அவளும் சேர்ந்துதான் தேய்த்தோம். அதுவும் பித்தளைதானே. தங்கமாய் மின்னியது. சாம்பல் போய்த் துவாரத்தை அடைத்துக்கொண்டது எங்களுக்கு என்ன தெரியும்? தீ வரவில்லையே என்று அவள் இன்னும் இன்னும் பம்பு அடித்தாள், எண்ணெய் பக்கவாட்டில் பீறிக்கொண்டு குப்பென்று பிடித்துவிட்டது. சாக்கை நனைத்துப் போட்டு அணைத்தேன். முழங்கை வரை கொப்புளம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டு வந்தோம். இந்தக் கதையை உனக்கு எழுதிப்போட்ட உன் சித்தி, அவள் கையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையாக்கும்? எழுதியிருந்தாலும் நீ ஸ்டவ் கெட்டுப்போச்சா என்றுதான் கேட்டிருப்பாய். உன் கடிதத்தில் அதைத்தானே கேட்டிருக்கிறாய்! வலிக்கிறதா என்று கேட்டேன். "கை வலி போயிடும் அத்தே, அவரு எழுதினதுதான் போவ மாட்டேங்குது" என்றாள்.

சைகோனிலிருந்து விடுமுறையில் வந்திருக்கிற உன் சிநேகிதன் அமலநாதனைப் பிடித்து அந்தப் பிரெஞ்சுத் தாளைப் படிக்கச் சொன்னோம். அவன் படிக்கப் படிக்க அவள் இடது கையாலேயே ஸ்டவ்வின் தலையைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்தாள். ஊசிக்குப் பதில் கோயில் பிடில்காரரிடம் அறுந்த கம்பி ஒன்று கேட்டு வாங்கித் துவாரத்தைக் குத்தினோம். இப்போது நீலமாய் எரிகிறது. அவள் பழகிவிட்டாள். இனி நீ பழகு.

அமலநாதனும் அவன் பெண்சாதியும் அடுத்த கப்பலில் திரும்புகிறார்கள். அவர்களோடு அகஸ்டினாவை அனுப்புகிறேன். நீ கூப்பிடும்வரை காத்திருக்க அவள் என்ன வேலைக்கு மனுப்போட்டவளா? கோயிலில் நீ கைப்பிடித்துக் கட்டியவள். துறைமுகத்துக்கு நீயே போய் நில், ஆளை அனுப்பினாய் என்று கேள்விப்பட்டால் நானே கப்பலேறி வந்துவிடுவேன். ஸ்டவ்வும் அவளோடு வருகிறது. அதைக் காற்றடிக்காத மூலையில் வை, பற்றவைக்கும்போது வேட்டியை ஒதுக்கிக் கட்டு, துவாரத்தைக் குத்து, சாம்பல் பக்கம் கொண்டுபோகாதே. இதையெல்லாம் உனக்குத்தான் சொல்கிறேன். அவள் கை ஆறும்வரை அடுப்படி உன்னுடையது, வந்து இறங்கிய அன்று முதல் காப்பியும் உன் கையால்தான்.

மாதா உங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றட்டும். அவளுக்கு என் ஆசீர்வாதம் முழுசாக உண்டு, உனக்கோ, சுகமாயிருக்கிறேன் என்று அவள் எனக்கு எழுதியபிறகுதான். மேசைமேல் விட்ட அந்த ஊசியை மறக்காமல் தேடி எடுத்து வை.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அம்மா
ஆனந்தமேரி