உன் பாட்டில் இருக்கும் ஏலக்குரல்

அன்புள்ள மகளுக்கு,

தன் குரல்வளையை எடுத்துவிட்டால், அதன்பின் உன் பாட்டில் கேட்கிற தன் பழைய ஏலக்குரல் யாருடையது என்று உன் அப்பா என்னைக் கேட்கிறார். நலம் விசாரித்துவிட்டுத்தான் இதை எழுதியிருக்க வேண்டும். நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே நான் நலம் என்று மட்டும்தான் எழுத முடிகிறது.

போனில் நான் சொன்னது பாதிதான். அப்பாவின் குரல் கம்மியிருப்பது சளியால் அல்ல, புற்று. குரல்வளையை முழுதாக எடுத்தால் பிழைப்பார், விட்டால் மாட்டார் என்று மருத்துவர் இரண்டையும் ஒரே தொனியில் சொன்னார். நாளைக் காலை வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள், மதியம் அறுவை சிகிச்சை. இவர் வரமாட்டேன் என்கிறார். ஏலம் போடுகிறவன் குரல் இல்லாமல் வெங்காய மண்டிக்குப் போய்த் தரை கூட்டவா என்கிறார். உன் அத்தை வந்து, "கத்திக் கத்தியே இவன் வீடு கட்டினான், கத்திக் கத்தியே இவன் மக பேர் வாங்கினா, இப்ப வாய மூடுடான்னா எப்படி மூடுவான்?" என்று சிரித்துவிட்டு, சமையலறைக்குள் போய் அழுதாள்.

பத்திரிகையில் வந்த உன் பேட்டியை அலுவலகத்தில் மதிய இடைவேளையில் படித்தேன். தாளத்தை அப்பாவிடம் கற்றேன், எதையும் நம்பாமல் கேள்வி கேட்பதை அம்மாவிடம் கற்றேன் என்று சொல்லியிருக்கிறாய். முதல் பாதி உண்மை. மண்டியில் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பிள்ளை நீ. அவர் மூச்சு விடாமல் "நூறு தாண்டிச்சு, நூத்திப்பத்து யாரு, யாரு, வாங்காதவன் வழிய விடு" என்று ஏற்றிக்கொண்டு போகும்போது நீ பென்சிலால் மூட்டையில் தட்டுவாய். கஞ்சத்தனம் செய்கிற வியாபாரிகளை அவர் எதுகை வைத்து வாரியதுதான் பின்னால் உன் ராப் மேடைச் சண்டைகளில் வந்தது. ராப்பெல்லாம் பாட்டு என்று நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம். இரண்டாவது பாதிதான் என்னை உறுத்துகிறது. எதையாவது நம்பத் தெரிந்தவள் ஒருத்தி இந்த வீட்டில் இருந்திருந்தால், எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் கையைப் பிடித்துச் சொல்லியிருப்பாள். எனக்கு அந்த வாக்கியம் வாயில் வரவில்லை.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. பேசவே கூடாது என்று மருத்துவர் சொன்ன பிறகும் போன வாரம் மண்டிக்குப் போனார். உன் பாட்டின் தொடக்கத்தில் நீ சேர்த்திருக்கிறாயே அவருடைய பழைய ஏலம், அதைப் போனில் போட்டு மைக்கருகே பிடித்தார். குரல் ஏறுகிற இடத்தில் எல்லாம் கையை நீட்டி ஆட்களைக் காட்டினாராம். "மக பாட்டு, அப்பா ஆட்டம், டிக்கெட்டு எவ்வளவுண்ணே?" என்று எல்லோரும் கேலி செய்தார்கள், இவரும் சிரித்தார். ஆனால் பாட்டில் இருக்கிற குரல் யாருக்காகவும் காத்திருக்காதே. இரண்டு பேர் மாற்றி மாற்றி விலை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே 'மூணு தரம்' விழுந்து உன் டிரம் ஆரம்பித்துவிட்டது. எனக்குத்தான், எனக்குத்தான் என்று இருவரும் மூட்டையை இழுத்ததில் மூட்டை கிழிந்து வெங்காயம் ரோடு வரை உருண்டிருக்கிறது. மண்டி முதலாளி மைக்கை வாங்கிக்கொண்டு, "அண்ணே, போதும்ணே. வீட்டுக்குப் போங்க, உடம்பப் பாருங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னாராம். வந்தவர் அன்றிலிருந்து செருப்பைக் காலில் மாட்டவில்லை, வாசலைத் தாண்டவில்லை.

அவரை வா என்று இழுக்க எனக்கு எந்த நியாயமும் தோன்றவில்லை, விட்டுவிடவும் தைரியமில்லை. உன்னையும் வா என்று கூப்பிடவில்லை, வெளிநாட்டு நிகழ்ச்சிகளுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறாய். ஒன்று மட்டும் கேள். போன தடவை பேசும்போது உன் குரலும் கரகரத்தது. நீராவி பிடித்தால் போதும் என்று நீயே வைத்தியம் பார்க்காதே, அவரும் மாதக்கணக்கில் அதைத்தான் செய்தார். இந்த வாரமே போய்த் தொண்டையைக் காட்டு. மறக்காதே. நீ நோய்நொடி இல்லாமல், நினைத்ததைப் பாடிக்கொண்டு நெடுநாள் இருக்க வேண்டும்.

உன் அம்மா

மறுநாள் இரவு. இதை இன்னும் அனுப்பவில்லை. காலையில் நான் எழுந்து வந்தபோது அவர் சவரம் செய்து முடித்து, பையை மடியில் வைத்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். ஏன் மனம் மாறினார் என்று நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். மகளிடம் பேசுகிறீர்களா என்று கேட்டு உன்னை அழைத்தேன், நீ எடுக்கவில்லை, அங்கே இரவு, உனக்கு நிகழ்ச்சி நேரம். பரவாயில்லை என்பதுபோல் கையை அசைத்தார். அறுவை அறைக்குத் தள்ளிக்கொண்டு போன பையன் திருப்பத்தில் வண்டியைச் சுவரில் இடித்துவிட்டான். "மெதுவாத் தள்ளுப்பா, ஆள் இருக்கேன் இதுல" என்றார். கதவு மூடிக்கொண்டது. அறுவை முடிந்துவிட்டது, கண் விழித்துவிட்டார். சொந்தக் குரலில் அவர் கடைசியாகப் பேசியது அந்தப் பையனிடம்தான்.