யார் எழுதியது என்று தேட மாட்டோம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று சூப்பிரண்டு அறையில் மானம் போனது. புதிதாக ஒன்றும் இல்லை, வழக்கமாகப் போகிற மானம்தான்.

ஆஸ்பத்திரிக்குப் பெண்கள் வருவது வருடா வருடம் குறைந்துகொண்டே போகிறது, காரணம் கேட்டு ஒரு படிவம் போடவேண்டும் என்று போன வாரம் சொன்னார். "பதினாறு வருஷமா டோக்கன் கவுன்டர்ல உட்கார்ந்திருக்கேன் சார், எனக்குத் தெரியாத நோயாளியா? நானே போடறேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன் நான். நானே எழுதி, டோக்கனோடு நானே நீட்டி, எதிரில் நின்று நானே திரும்ப வாங்கி, நூறு படிவங்களை அவர் மேஜையில் அடுக்கினேன். நூறிலும் 'மிக நன்று'.

அவர் ஒன்றை உருவினார். "பேர் போட்டிருக்கே. போன வாரம் நாற்காலியைத் தூக்கி அடிச்ச ஆள் இல்ல இவரு? இவருக்கும் மிக நன்றா?"

"மனசு மாறியிருக்கும் சார்."

"போய்யா! ஒழுங்கா எழுதிட்டு வா. இருபது நாள் டைம்."

மார்ச் 4, புதன்

மகள் கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறாள். என் படிவத்தைக் காட்டினேன். பாதியில் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியைச் சிரித்தாள்.

"எங்கள் சிறப்பான சேவையும் சுத்தமும் உங்களுக்குத் திருப்திதானே?" — இது என் முதல் கேள்வி. எழுதியபோது மணிமணியாக இருந்தது.

"அப்பா, சேவை நல்லா இருக்கு, கக்கூஸ் நாறுதுன்னா ஒருத்தர் எதுல டிக் போடுவாங்க? ரெண்டு கேள்வியை ஒரே மூட்டையா கட்டியிருக்கீங்க. அப்புறம் இந்த 'தானே'. அதுக்கு மேல யாராவது இல்லைன்னு சொல்வாங்களா?"

பதில்களும் உதை வாங்கின. மிக நன்று, நன்று, பரவாயில்லை. இதற்குக் கீழே இறங்கப் படியே இல்லையாம்.

"எல்லாத்துக்கும் மேல, டோக்கனைக் கையில வெச்சுக்கிட்டு நீங்களே எதிர்ல நின்னீங்களா?"

"பேனா கொடுக்கணும்ல?"

"அவங்க நம்பரைக் கூப்பிடப்போறது நீங்க. உங்ககிட்டயே குறை சொல்லுவாங்களா?"

பத்தாவது வரை படித்தவனுக்கு இது தோன்றாதது தப்பில்லை. பதினாறு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

'அடிக்கடி வருவீர்களா' என்ற கேள்வியை மகள் வெட்டினாள். எனக்கு அடிக்கடி என்றால் வாரம் ஒருமுறை, இன்னொருவருக்கு வருடம் ஒருமுறை. 'கடந்த மூன்று மாதத்தில் எத்தனை தடவை' என்று கேட்கவேண்டுமாம். சரி.

பெயரும் வெட்டு. மேலே ஒரு வரியை என் கையாலேயே எழுத வைத்தாள்: 'உங்கள் பெயர் வேண்டாம். யார் எழுதியது என்று தேட மாட்டோம்.'

"சத்தியம் மாதிரி இருக்கேம்மா."

"சத்தியம்தான்."

மார்ச் 8, ஞாயிறு

காலையில் மகள் போட்ட போடு இன்னும் காதில் இருக்கிறது. வருகிறவர்களிடமே கேட்டால், வராதவர்கள் ஏன் வரவில்லை என்று எப்படித் தெரியும்? நான் பாட்டுக்கு வகுப்புக்கு வந்தவனைப் பிடித்து "ஏன்டா வரலை" என்று திட்டும் வாத்தியார் மாதிரி இருந்திருக்கிறேன்.

ஆகவே ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெட்டி. துணைக்கு வருகிறவர், மருந்து வாங்க வருகிறவர், சும்மா மழைக்கு ஒதுங்குகிறவர், யாரும் எழுதிப் போடலாம். கடைசியில் ஒரு கேள்வி: 'உடம்புக்கு ஏதாவது இருந்தும் இங்கே காட்டாமல் விட்டதுண்டா? ஏன்?'

அச்சடிப்பதற்கு முன் ஐந்து பேரிடம் கேட்டுப் பார்க்கவேண்டுமாம். முதல் ஆளாக வீட்டுக்காரியைப் பிடித்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். நகருங்க, சட்டை மேல நிக்கறீங்க."

கேள்வி புரிகிறது. தேறியது என்று குறித்துக்கொண்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

பெட்டி வைத்தாயிற்று. பேனாவை நூலில் கட்டினேன். பத்து நிமிடத்தில் பேனா காணோம், நூல் இருக்கிறது.

மார்ச் 13, வெள்ளி

எட்டிப் பார்க்கக் கை துறுதுறு என்கிறது. சாவி மகளிடம். அப்பன் மேல் அவ்வளவு நம்பிக்கை.

மார்ச் 20, வெள்ளி

பெட்டியைத் திறந்தோம். அறுபத்தொரு படிவம். மகள் பத்தைப் படித்துவிட்டு, "மீதியை நீங்களே படிங்கப்பா" என்று எழுந்து போய்விட்டாள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கக்கூஸ் பற்றி பன்னிரண்டு. மின்விசிறி பற்றி ஒன்பது. என்னைப் பற்றிப் பத்தொன்பது.

நான் நம்பரோடு நிறுத்துவதில்லை. சீட்டில் எழுதியிருக்கும் தொல்லையையும் சேர்த்துத்தான் கூப்பிடுவேன். "இருபத்தி மூணு, மூலம்! உட்கார முடியாதவர் எழுந்து வாங்க!" கூடம் சிரிக்கும். காத்திருக்கும் அலுப்புக்கு நம்மால் ஆன உபகாரம் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். சிரித்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். எழுந்து வந்தவரின் முகத்தை?

'அவருக்கு மைக் வேண்டாம், பக்கத்துத் தெருவுக்கே கேட்கும்' என்று ஒருவர். 'என் மாமியாருக்குக்கூடச் சொல்லாததை ஊருக்கே சொன்னார்' என்று இன்னொருவர். பெண்கள் ஏன் வரவில்லை என்று கண்டுபிடிக்கக் கிளம்பியவன் கண்டுபிடித்துவிட்டேன். கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது காரணம், கண்ணாடி போட்டுக்கொண்டு.

மார்ச் 21, சனி

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று.

நாற்பத்தி நாலாவது படிவம். 'காட்டாமல் விட்டதுண்டா?' உண்டு. 'ஏன்?' — 'மூன்று மாதமாக ஒரு தொல்லை. சீட்டு வாங்கினால் அவர் அதை எல்லார் முன்னாலும் கூவுவார். அவர் நல்ல மனுஷர்தான். இருந்தாலும் என்னால் முடியாது.'

அவ்வளவு அழுத்தி எழுதியிருந்தது. தாளின் பின்பக்கம் தடவினால் எழுத்து விரலில் தட்டுகிறது. இந்த அழுத்தம் எனக்குத் தெரியும். வீட்டில் எழுதிக் கொடுத்த கடைச் சாமான் சீட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அருகில் வைத்தேன். உடனே திரும்பப் பைக்குள் போட்டேன். தேட மாட்டோம் என்று எழுதினது யார்? நான்தானே.

நான் தேடவில்லை. அது தானாக வந்து நின்றுவிட்டது.

தினமும் மதியம் எனக்குச் சாப்பாடு கொண்டு வந்து வாசலில் ரெண்டு நிமிஷம் நிற்பாளே — பெட்டிக்குப் பக்கத்தில்தான். மூணு மாசம். என்ன தொல்லைன்னு எழுதலை. ஐயோ, பெருசா ஏதாவது இருந்தா? கேட்கவும் முடியாது. கேட்டால் கல்லு மாதிரி இருக்கேன் என்பாள், சத்தியமும் போச்சு.

மார்ச் 23, திங்கள்

பத்தொன்பதையும் மேஜை டிராயரில் தள்ளிவிடலாமா என்று ஒரு கணம் — சரி, இரண்டு கணம் — யோசித்தேன். பிறகு அறுபத்தொன்றையும் கொடுத்தேன்.

சூப்பிரண்டு படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். "யோவ், உன்னை வெச்சே உன்னைப் பிடிச்சிட்டியே."

"இனிமே நம்பர் மட்டும்தான் சார். சீட்டையும் வர்றவங்களே மடிச்சு நேரா நர்ஸ்கிட்ட கொடுக்கட்டும். என் கண்ணுல படவே வேண்டாம்."

"உன் வாய் சும்மா இருக்குமா?"

நியாயமான கேள்வி. ஒரே கேள்வி, ஒரே விஷயம், 'தானே' இல்லை. மகள் பாஸ் போட்டிருப்பாள்.

மார்ச் 24, செவ்வாய்

நம்பர் மட்டும். மூன்று தடவை நாக்கைக் கடித்துக்கொண்டேன். இரண்டு தடவை நிஜமாகவே கடித்தேன்.

மார்ச் 27, வெள்ளி

சாப்பாட்டோடு வந்தவள் இன்று பத்து நிமிடம் நின்றாள். "பன்னிரண்டு... பதிமூணு..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன். போய்விட்டாள்.

மார்ச் 31, செவ்வாய்

இன்றும் நின்றாள். இன்றும் போய்விட்டாள். கேட்டுவிடலாம் என்று வாய் வரை வந்தது.

ஏப்ரல் 7, செவ்வாய்

பதினொரு மணிக்குக் கவுன்டருக்குள் ஒரு கை நீண்டது. வளையல் தெரிந்த வளையல்.

"ஒரு டோக்கன்."

நாற்பத்தி ஏழைக் கொடுத்தேன். சில்லறை தேடுகிறவன் மாதிரி குனிந்துகொண்டேன்.

முறை வந்தது. "நாற்பத்தி ஏழு." அவ்வளவுதான். கூடத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் எழுந்து உள்ளே போனாள். பதினெட்டு நிமிடம். அதற்குள் நம்பரைத் தப்பாக இரண்டு தடவை கூப்பிட்டுத் திட்டு வாங்கினேன். வெளியே வந்தபோது கையில் ஒரு மருந்துப் பொட்டலம், முகத்தில் மூணு மாசப் பாரம் இல்லை.

சாயங்காலம் அவளாகவே சொன்னாள். "பயப்பட ஒண்ணுமில்லையாம். ஆறு வாரம் மாத்திரை. முன்னாடியே வந்திருக்கலாம்னு டாக்டரம்மா திட்டினாங்க."

"ம்."

"என்ன, இப்பல்லாம் கவுன்டர்ல மெதுவா கூப்பிடறீங்க?"

"தொண்டை கட்டியிருக்கு."

"ரெண்டு வாரமாவா?"

"ரெண்டு வாரமாத்தான்."

ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வெந்நீர் வைக்க எழுந்து போனாள். அந்த நாற்பத்தி நாலாவது படிவத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை நான். சத்தியம் சத்தியம்தான். வெந்நீரை மட்டும் மடக் மடக்கென்று குடித்து வைத்தேன்.