வேட்டைக்காரனின் காலடி

மார்ச் 4, திங்கள்

காலையில் குதிரை, மதியத்துக்கு மேல் யானை. இப்போது இரண்டு முட்டியிலும் தைலம்.

வந்திருப்பது நான் பிறப்பதற்கு முன்னால் வந்த படம். காட்டில் பெரிய மிருகங்களை வேட்டையாடும் ஒருவன், அவன் கைவிட்டுப்போன காதலி. பேச்சும் இசையும் பதிந்த நாடாக்கள் பிழைத்துவிட்டன. மற்ற சத்தங்கள் இருந்த நாடா மட்டும் இரண்டாம் பாதியில் பூஞ்சை பிடித்து வீணாகிவிட்டது. அதாவது இடைவேளைக்குப் பிறகு எல்லாரும் வாய் கிழியப் பேசுகிறார்கள், யாருக்கும் கால் இல்லை. கால் கொடுப்பது என் வேலை. திரையைப் பார்த்துக்கொண்டே அவர்களைப் போலச் செருப்பு மாட்டி மணல் தட்டிலும் பலகையிலும் நடக்கிறேன். துப்பாக்கியைத் தோளில் மாட்டுவதும் கூடாரத் துணியை விலக்குவதும்கூட நான்தான்.

கடைசியில் எல்லாச் சத்தத்தையும் கலந்து சேர்க்கப்போவது யார் என்று ஒலிப்பதிவாளரிடம் கேட்டேன். (ஸ்டுடியோவில் அவருக்குப் பெயர் தூங்குமூஞ்சி.) அவர் தரையைப் பார்த்தார். புரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர். இரண்டு வருடமாக வேறு வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர். இந்த நோட்டில் அவரை மிக்ஸிங்காரர் என்றே எழுதப்போகிறேன்.

மார்ச் 5, செவ்வாய்

முதல் பாதியை உட்கார்ந்து ஒழுங்காகப் பார்த்தேன். வேலைக்காகத்தான் பார்க்க ஆரம்பித்தேன், பத்து நிமிடத்தில் வேலை மறந்துவிட்டது.

இந்த மாதிரிப் படங்கள் எனக்கு ஆகாது. ஆனையைச் சுட்டு அதன் மேல் கால் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளும் கூட்டம் என்று நினைத்தேன். இது அப்படி இல்லை. வேட்டைக்காரன் பல வருடமாக ஒரே ஒரு தந்தமுள்ள கிழ யானையைத் தேடிக்கொண்டிருக்கிறான். அதைத் தேடி வந்த முகாமில் டாக்டரின் மனைவியாக அவள் நிற்கிறாள். பழைய காதலி. அவனைப் பார்த்ததும் அவள் செய்கிறது ஒன்றே ஒன்றுதான். கையில் இருந்த வாளியைக் கீழே வைக்கிறாள். தண்ணீர் சிந்தாமல் வைக்கிறாள். அந்த வாளிச் சத்தம் ‘டொக்’ என்று அவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது. இவ்வளவு வருடத்துக்கு முன்னால் அதைப் பதிந்த மகராசன் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் காட்டெருமை முட்டி அவன் இடது கால் போகிறது. அதற்குப் பிறகு படம் முழுக்க நொண்டுகிறான். வலது அழுத்தம், இடது இழுப்பு. அந்த நடையை நான் பிடிக்க வேண்டும்.

மார்ச் 7, வியாழன்

வீட்டில் நொண்டிப் பழகினேன். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார்.

“மேல எத்தனை பேரும்மா இருக்கீங்க?”

“ஒருத்திதான் சார்.”

“ஒருத்தியா? முன்னாடி ஒருத்தர் நொண்டிக்கிட்டே போறாரு. பின்னாடியே ஹீல்ஸ் போட்ட அம்மா போறாங்க. நான் காது கொடுத்துக் கேட்டேனே.”

“அது ரெண்டும் நான்தான் சார்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். காலை அமுக்கிப் பிடித்த பூட்ஸும், கையில் மாட்டியிருந்த ஹீல்ஸ் செருப்பும். பாவம், இறங்கிப் போனார்.

என் தொழிலை இவ்வளவு பாராட்டி யாரும் பேசியதில்லை.

மார்ச் 9, சனி

நடக்கக்கூடாது என்று நினைத்தது நடந்தது. டீ மெஷின் பக்கத்தில் மிக்ஸிங்காரர். இளைத்திருக்கிறார். காதோரம் நரை.

சுற்றி வளைக்கவில்லை. “வெளியூர்ல நிரந்தரமா ஒரு வேலை வந்திருக்கு. நீ என்னை வீட்டுக்கு வான்னு சொன்னா அத வேண்டாம்னுடறேன். இல்லேன்னா போயிடறேன். படம் முடியறதுக்குள்ள சொன்னா போதும்.”

“டீ ஆறுது” என்றேன்.

எனக்குச் சொல்ல வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா? இரண்டு வருடமாக மனசுக்குள் எத்தனை வசனம் எழுதி வைத்திருந்தேன். எல்லாம் டீயோடு போயிற்று.

மார்ச் 10, ஞாயிறு

அக்காவிடம் போனில் சொன்னேன். அவளுக்கு எதையும் ஜவ்வாக இழுக்கத் தெரியாது. “வேணுமா, வேண்டாமா?” என்றாள்.

தெரியவில்லை என்றேன்.

“தெரியலைன்னா இன்னும் கோபம் போகலைன்னு அர்த்தம். கோபம் போகலைன்னா ஆளும் மனசுலேருந்து போகலைன்னு அர்த்தம். நான் அடுப்புல பால் வெச்சிருக்கேன்” என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 13, புதன்

கிழ யானையின் காட்சி வந்துவிட்டது. சாக்குத் துணி சுற்றிய மரக்கட்டையை ஈரமண் தட்டில் இறக்கினால் யானைக்கால். புல்லுக்குப் பழைய கேசட் நாடா, ஒரு கூடை நிறைய. தோல் பையை முறுக்கினால் யானைத் தோல் உரசுகிற சத்தம்.

எழுதாமல் இருக்க முடியவில்லை, அப்படி ஒரு காட்சி. வேட்டைக்காரன் கடைசியில் அந்தக் கிழ யானையைக் கண்டுபிடித்துவிடுகிறான். துப்பாக்கியைத் தூக்கிக் குறி வைத்துவிட்டான். யானை புல்லிலிருந்து வெளியே வருகிறது. பின்னங்கால் இழுக்கிறது. இளம் வயதில் அவனே சுட்ட குண்டு அங்கே இருக்கிறது. அவனும் நொண்டி, அதுவும் நொண்டி. வசனம் இல்லை, இசையும் இல்லை. மெதுவாகத் துப்பாக்கியைத் தாழ்த்துகிறான். யானை அவனைப் பார்த்துவிட்டு, இவன் ஒரு பொருட்டே இல்லை என்பது போலத் தண்ணீர் குடிக்கப் போகிறது.

என்ன தைரியம் இருந்தால் அங்கே இசை போடாமல் விட்டிருப்பார்கள்! அந்த அமைதியை எங்களை நம்பி விட்டிருக்கிறார்கள், எங்கள் மாதிரி கால் தட்டுகிறவர்களை நம்பி. யானையின் இழுக்கும் காலை நான் போடும்போது அழுதுவிட்டேன். தூங்குமூஞ்சி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, “அக்கா, மூக்கு உறிஞ்சற சத்தம் பதிஞ்சிடுச்சு. யானை உறிஞ்சற மாதிரியேதான் இருக்கு, வெச்சுக்கவா?” என்றார்.

மார்ச் 15, வெள்ளி

ஆறாவது ரீல் முடித்து மிக்ஸிங் அறைக்கு அனுப்பிவிட்டேன். பழைய நினைவுக் காட்சி. அவனும் அவளும் சிறுவயதுக் காதலர்களாக ஆற்றங்கரைப் பலகைப் பாலத்தில் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள். எவ்வளவு சிரிப்பு. நன்றாக வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

மார்ச் 18, திங்கள்

மூக்கு உடைபட்டது.

மிக்ஸிங்காரர் நேரே என் அறைக்கு வந்தார். ஆறாவது ரீலைப் போட்டுக் காட்டினார். “கேளு.”

கேட்டேன். பலகை மேல் ஓடுகிற கால். வலது அழுத்தம், இடது இழுப்பு.

“இந்தக் காட்சியில அவனை இன்னும் எருமை முட்டலை” என்றார். “ஏன் நொண்டறான்?”

ஐயோ. படத்தில் அவர்களை இடுப்புக்கு மேல்தான் காட்டுகிறார்கள், அதனால் கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு வாரமாக நொண்டி நொண்டி என் கால் அதிலேயே பழகிவிட்டது. அவன் முகத்தைப் பார்த்ததும் கால் தானாக இழுத்திருக்கிறது. காயமே படாத பையனை நொண்ட வைத்திருக்கிறேன். தூங்குமூஞ்சிக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அசடு வழிய நின்றேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. “நாளைக்குத் திருப்பி எடுத்துடு” என்று போய்விட்டார்.

மார்ச் 18, அதே நாள்

இன்னும் எழுத வேண்டியிருக்கிறது.

அப்பா போன அன்று இவர் மிக்ஸிங் அறையில் இருந்தார். போனை வெளியே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவது அவர் வழக்கம். நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். மறுநாள் எல்லாம் முடிந்த பிறகு வந்து நின்றார். அன்றைக்கு என் பக்கத்தில் நிற்க வேண்டிய ஆள் இல்லை. அது தப்புதான். இன்றைக்கும் தப்புதான். அதை நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை.

ஆனால் அதற்கப்புறம் நான் என்ன செய்திருக்கிறேன்? கல்யாணமான புதிதில் ஒரே குடையில் நனைந்துகொண்டே வீடு தேடியதை நினைத்தால், ‘அப்பவே இவர் இப்படித்தான்’ என்று தோன்றுகிறது. எனக்குக் காய்ச்சல் வந்தபோது ராத்திரி பூரா விசிறிவிட்டதை நினைத்தால், ‘அதெல்லாம் நடிப்பு’ என்று தோன்றுகிறது. எருமை முட்டாத நாளிலும் அவரை நொண்ட வைத்தே நடத்திக்கொண்டிருக்கிறேன். அந்த நாட்களில் அவர் நேராகத்தானே நடந்தார். நானும்தான்.

நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அவருக்காக இல்லை. அந்த நல்ல நாட்கள் என்னுடையதும்தானே, அவற்றை நானே ஏன் கெடுத்துக்கொண்டேன்?

மார்ச் 19, செவ்வாய்

ஆறாவது ரீலைத் திருப்பி எடுத்தேன். நேராக ஓடினேன். பலகை அதிர ஓடினேன். மூச்சு வாங்கியது. தூங்குமூஞ்சி முதல்தடவையாக முழுசாகக் கண் திறந்து, “அக்கா, இதுதான்” என்றார்.

மார்ச் 22, வெள்ளி

கடைசிக் காட்சி.

விடியற்காலை. வேட்டைக்காரன் முகாமை விட்டுப் போகிறான். கேமரா அவனோடு போகவில்லை. கூடார வாசலில் நிற்கிற அவள் முகத்திலேயே நின்றுவிடுகிறது. நெடுநேரம். அவன் எங்கே இருக்கிறான் என்று நமக்குச் சொல்லப்போவது அவன் காலடி மட்டும்தான். அந்தச் சத்தம்தான் இப்போது இல்லை. திரைக்கதைப் பிரதியும் கிடைக்கவில்லை.

ஆக, அவன் நின்றானா, நிற்காமல் போனானா என்பது என் கையில். என் காலில்.

மார்ச் 23, சனி

இரண்டு விதமாகவும் நடந்து பார்த்தேன். கொஞ்ச தூரம் போய் நிற்கிற மாதிரி. நிற்காமல் தேய்ந்து போகிற மாதிரி.

நிற்கிற மாதிரி நடந்தபோது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மனசு அதைத்தான் கேட்டது. தூங்குமூஞ்சியும், “நிக்கட்டும்க்கா, பாவம்” என்றார்.

மார்ச் 25, திங்கள்

நிற்கவில்லை. எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். அந்த நடிகையின் கண் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. அவன் நின்றிருந்தால் அந்தக் கண்ணும் ஒரு இடத்தில் நின்றிருக்கும். நிற்கவே இல்லை. எப்பேர்ப்பட்ட நடிப்பு! இல்லாத ஆளைக் கண்ணாலேயே அவ்வளவு தூரம் வழியனுப்பியிருக்கிறாள்.

இன்னொன்றும் பார்த்தேன். ஒரு இடத்தில் அவள் உதடு லேசாகத் திறக்கிறது. கூப்பிடப்போகிறாள். திரும்ப மூடிக்கொள்கிறாள்.

அவளுக்கு நியாயம் இருக்கிறது. உள்ளே நல்ல மனுஷனான கணவன் தூங்குகிறான். எனக்கு உள்ளே யாரும் தூங்கவில்லை.

வலது அழுத்தம், இடது இழுப்பு. மண்ணில், பிறகு புல்லில், பிறகு ஒன்றுமில்லை. நிற்காமல் போகவிட்டேன்.

மார்ச் 27, புதன்

தலைவலி. வேலை இல்லை. வாளியை எடுத்துத் தண்ணீர் சிந்தாமல் கீழே வைத்துப் பார்த்தேன். ‘டொக்’ வரவில்லை. பிளாஸ்டிக்.

ஏப்ரல் 2, செவ்வாய்

மிக்ஸிங் முடிந்தது.

பெரிய திரையில் கடைசியாக ஒருமுறை போட்டுப் பார்த்தோம். இந்தப் படத்தைச் சரிசெய்யக் கொடுத்த ஆவணக் காப்பகத்து மேடம் முன்வரிசையில், நான் பின்னால், மிக்ஸிங்காரர் மேஜையில். யானை புல்லைப் பிரித்துக்கொண்டு வந்தபோது மேடம் கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது. கடைசிக் காலடிகளை மிக்ஸிங்காரர் எவ்வளவு பக்குவமாகத் தேய்த்திருக்கிறார் என்றால், எப்போது நின்றது என்றே தெரியவில்லை. சத்தம் போன பிறகும் கேட்டுக்கொண்டிருந்தது. கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், மனுஷனுக்குக் காது என்றால் அது காது.

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைகொடுத்துவிட்டுப் போனார். தூங்குமூஞ்சி விளக்கைப் போட்டார். மிக்ஸிங்காரர் பையை எடுத்துக்கொண்டார்.

“கடைசில நிறுத்தியிருப்பேன்னு நினைச்சேன்” என்றார்.

“அவ கூப்பிடலை. அவன் எப்படி நிப்பான்?”

தலையாட்டினார். நான் வேறு ஏதாவது சொல்வேனா என்று கொஞ்சம் பார்த்தார். “சரி” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அறைக்கு வெளியே நீள வராந்தா. சிமெண்டுத் தரை. அவர் நடையை ஆயிரம் பேர் நடையிலும் அடையாளம் சொல்லிவிடுவேன், குதிகால் கொஞ்சம் தேயும். நான் உள்ளேயே நின்று கேட்டேன். வராந்தா நடுவில். தண்ணீர்க் குழாயைத் தாண்டியாயிற்று. படி பக்கம் திரும்பப்போகிறார்.

வாய் திறந்தது.

கூப்பிட்டேன்.

ஏப்ரல் 13, சனி

காலையில் அலமாரியை இடம் மாற்றினோம். மதியம் கீழ்வீட்டுக்காரர் வந்துவிட்டார்.

“ஏம்மா, புதுப் படமா? ஒரே ஆளு ரெண்டு ஆள் மாதிரி நடக்கறத முன்னயே சொல்லியிருக்கீங்க இல்ல? இன்னிக்கு ஆம்பிளைக் கால் ரொம்ப நெஜமாவே இருக்கு. குதிகாலெல்லாம் தேயுது.”

உள்ளேயிருந்து அவர், “யாரு?” என்று கேட்டுக்கொண்டே வந்து என் பக்கத்தில் நின்றார். வேட்டி மடித்துக் கட்டி, கையில் சுத்தியல்.

கீழ்வீட்டுக்காரர் அவரைப் பார்த்தார். என் வெறுங்காலைப் பார்த்தார்.

“நான் நடக்கலை சார்” என்றேன்.