சுமடு குழுவும் நான் மாற்றிய சொல்லும்

என் பிரியமான சேகரண்ணா,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குக் கெட்ட பெயர் வரும் இடத்தையும் விடமாட்டேன்.

நீ போய் எட்டு மாதமாகிறது. சுமை என்று பொருள்பட நீ பேர் வைத்த உன் 'சுமடு' பாட்டுக்குழு இன்னும் இருக்கிறது. கப்பல் சமையற்காரர் ஒருவர் கொடுத்துப்போன, கத்திப் பாடும் பங்க் இசைக் கேசட்டில் பிறந்த குழு என்று சொன்னால் கொச்சி மட்டாஞ்சேரியில் இப்போதும் சிரிக்கிறார்கள்.

ஆட்கள்தான் மாறிவிட்டார்கள். டிரம்ஸ் அடித்த நூர் இக்கா ஷார்ஜாவுக்குப் போனது உனக்குத் தெரியும். அவருக்குப் பின் வந்த பாபு சேட்டனை மாமனார் நிறுத்திவிட்டார். பேஸ் கிதார் சலீம் இக்கா சினிமாப் பாட்டுக் கானமேளாவில் சேர்ந்துவிட்டார். "அங்கே ஒரு பாட்டு அஞ்சு நிமிஷம். நம்ம பாட்டுல தும்முறதுக்குக்கூட நேரமில்லெ" என்றாராம். பழைய ஆளில் மிஞ்சியவர் கிதார் அந்தப்பன் சேட்டன் மட்டும்தான்.

உன் இடத்தில் பாடுவது கொச்சங்காடி கபீர் இக்கா. வீட்டில் தமிழ் பேசுகிறவர்; வாசிப்பது மலையாளம் மட்டும். அதனால் உன் நோட்டிலிருந்த பாட்டுகளை மலையாள எழுத்தில் நான்தான் எழுதிக்கொடுத்தேன். அங்கேதான் தப்புச் செய்தேன்.

மிளகுக் கிடங்கில் வேலைநிறுத்தம் நடந்தபோது அப்பா மட்டும் உள்ளே போய் எடைபோட்டாரே, அந்தப் பாட்டு. "பூட்டிய கதவு திறந்து போனான் கருங்காலி, அவன் போட்ட சோற்றைத் தின்றவன் நான்." அதில் 'கருங்காலி'யை எடுத்துவிட்டுக் 'கூலியாள்' என்று எழுதினேன்.

அந்தப் பாட்டுக்குப் பிறகு நீயும் அப்பாவும் பேசவே இல்லை. மஞ்சள்காமாலையில் நீ ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களிலும் அவர் உன் கால்மாட்டில் சும்மா நின்றார். இனி யாரும் அவரை அப்படிச் சொல்ல வேண்டாமென்று நினைத்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. நீ கத்திய கத்தலில் எந்தச் சொல் எவருக்குப் புரிந்தது?

இன்று மாலை வாசகசாலை ஆண்டுவிழா. அப்பா வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்.

"என்னெப் பத்தி ஒரு பாட்டு உண்டல்லோ. அது வரும்போ சொல்லு மோளே."

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"கிடங்கு வாசல்ல நின்னு எம் மூஞ்சிக்கு நேரே பாடினான். மொத வரியிலேயே காதெப் பொத்திக்கிட்டு உள்ளே போயிட்டேன். இன்னிக்கு முழுசும் கேக்கணும்."

மேடைக்குப் பின்னால் ஓடினேன். நான் செய்ததைச் சொன்னதும் கபீர் இக்கா தாளை என் முகத்துக்கு நேரே ஆட்டினார். "இப்பவா வந்து சொல்றே? ரெண்டு மாசமா பொய்க்கா நான் தொண்டை கிழிச்சேன்?"

அந்தப்பன் சேட்டன் கிதாரைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "முன்னால இருக்கிறது உன்றெ அப்பனல்லே? பாடணோ, மோளே?"

"பாடணும்" என்றேன். தாளை வாங்கி, 'கூலியாள்' என்பதை அடித்துவிட்டுக் 'கருங்காலி' என்று எழுதிக்கொடுத்தேன்.

திரும்பிவந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். கபீர் இக்கா உன்னைப் போல் இல்லை, அண்ணா. அவர் கத்தினாலும் சொல் தெளிவாக விழுகிறது. 'கருங்காலி' வந்ததும் கிடங்கில் மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளர்கள் இருந்த பெஞ்சிலிருந்து ஒருவர், "அதா, முன்னால இருக்கான்!" என்று கூவினார். சிரிப்பு எழுந்தது. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வரியும் வந்தது. நாற்பது விநாடியில் எல்லாம் முடிந்துவிட்டது.

அப்பா என் பக்கம் சாய்ந்தார். "ரெண்டாவது வரி இதுவரெ எனக்குத் தெரியாது. அவனையும் சேத்துத்தானே சொல்லியிருக்கான்."

அந்த வரியை நீ ஏன் ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை, அண்ணா? அவர் நின்ற இடம் உன் கைக்கு எட்டும் தூரம்தானே?

அப்பா எழுந்தார். மேடையைப் பார்த்து, "இன்னொரு தரம் பாடுங்கோ" என்றார்.

"போதும், போதும்!" என்று வாசகசாலைச் செயலாளர் ஓடிவந்தார். அப்பா உட்காரவில்லை. பெஞ்சில் இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. கபீர் இக்கா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

இந்தக் குழுவில் இன்னும் எத்தனை பேர் வந்து போவார்களோ, தெரியாது. வருகிற ஒவ்வொருவருக்கும் உன் பாட்டுகளை நானே எழுதிக்கொடுப்பேன். நீ எழுதியபடியே.

கபீர் இக்கா வாயைத் திறந்தார். செயலாளர் மெயின் சுவிட்சை இழுத்து விளக்குகளை அணைத்துவிட்டார். மைக்கும் கிதாரும் செத்துப்போயின. அந்த இருட்டில், வெறும் தொண்டையில், பாட்டு தொடங்கியது.

உன் தங்கை,
வள்ளி