தரையில் இழுபடும் புடவை

ஆரியசாலை
7-1-1936

சௌபாக்கியவதி லலிதாம்பாள் அக்காவுக்கு,

ஸ்ரீகண்டன் அநேக நமஸ்காரம். க்ஷேமம் என்று எழுதக் கை வரவில்லை.

எங்கள் நாடகக் கம்பெனி இந்த ஊருக்கே வந்திருப்பது உனக்குத் தெரியும். மேடையில் நான்தான் கதாநாயகி. முன்வரிசையில் உட்காரும் சாராயக் கான்டிராக்டர் என்னைத் தன் பங்களாவுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறான். முதலாளி சம்மதித்துவிட்டார். வெள்ளிக்கிழமை கார் வரும். இருபத்துமூன்று வயது ஆண்பிள்ளை நான், போகமாட்டேன் என்றேன். "இடுப்பு மட்டுக்கும் மயிர் வளத்துட்டு ஆம்பிளைன்னா எவம்டே நம்புவான்?" என்று சிரித்தார். வாசலில் ஆள் போட்டிருக்கிறார்.

கொட்டகைக்கு வந்த வெள்ளைக்காரன் ஒருவன், தன் ஊர் நாடகக்காரர்கள் இந்த வேஷத்தை 'டிராக்' என்பார்கள் என்றான். அவர்கள் பாஷையில் இழுப்பது என்று அர்த்தம்; பாவாடை மேடையில் இழுபடுவதால் வந்த பேராம். அங்கேயும் கார் அனுப்புவார்களா என்று கேட்க நினைத்தேன். பயமாக இருந்தது.

அப்பா என்னைத் தலைமுழுகிவிட்டார். எனக்கு நீ ஒருத்திதான். துணி வெளுக்கும் தாசம்மாளிடம் பதில் கொடு.

ஸ்ரீகண்டன்


கரமனை
8-1-1936

சிரஞ்சீவி ஸ்ரீகண்டனுக்கு ஆசீர்வாதம்.

உங்கள் கம்பெனி வீட்டுப் பின்சுவரைத் தாண்டினால் தாசம்மாள் குடிசை. என் ஒன்பது கஜம் புடவையை அவளிடம் கொடுத்திருக்கிறேன். நாளைக் காலையில் கட்டிக்கொண்டு கிளம்பு. மடிசார் கட்டியவளை எவனும் வழியில் நிறுத்திக் கேட்கமாட்டான். தாசம்மாளைக் கேட்பான். அந்த அநியாயம் ஒருநாள் நமக்கு உதவட்டும்.

உன் நாடகத்தை ஒருதரம் ஒளிந்து பார்த்தேன். புடவையைத் தரையில் இழுபட விட்டு நடக்கிறாய். அது ஆண்கள் உட்கார்ந்து ரசிப்பதற்கு. தண்ணீர்க் குடம் தூக்குகிறவள் அப்படி நடந்தால் விழுந்து சாவாள். கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகு. வேகமாக நட. வழியில் எதற்கும் நிற்காதே.

ஆற்றுப் படித்துறையில் நிற்கிறேன். நாகர்கோவில் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். மங்கலம் சித்தி வீட்டுக்குப் போய்விடு.

லலிதா


கரமனை
11-1-1936

ஸ்ரீகண்டா,

சித்தி வீட்டு விலாசத்துக்கு எழுதுகிறேன். போய்ச் சேர்ந்தாயா?

வெயில் ஏறும்வரை படித்துறையில் நின்றேன். நீ வரவில்லை. புடவை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய் என்று தாசம்மாள் சத்தியம் செய்கிறாள்.

அன்று அப்பா கோவிலிலிருந்து வந்து சொன்னார்: "பாலத்தண்டை ஒரு பொண்ணு என் காலில் விழுந்து நமஸ்காரம் பண்ணினா. யாராத்து மாட்டுப்பொண்ணோ, கண்ணெல்லாம் ஜலம். தீர்க்க சுமங்கலியா இருன்னேன்."

அவள் எப்படிப் போனாள் என்று கேட்டேன்.

"பொடவைதான் தெருவைப் பெருக்கிண்டு போறது" என்றார்.

நீ விழுந்து எழுந்ததில் செருகல் அவிழ்ந்திருக்கும். நிற்காதே என்று எழுதினேனே. அந்த நேரம் பாலத்தருகே அந்தக் கான்டிராக்டரின் கார் நின்றதாம், தாசம்மாள் கேள்விப்பட்டாள். அந்த நடையை முன்வரிசையிலிருந்து பார்த்தவன் அவன்.

அது நீ என்று அப்பாவுக்குத் தெரியாது. ஒரு வரி எழுது.

லலிதா