ராணியின் ஒட்டியாணம்

1996 நொவெம்பர், சனி இரவு

ஸ்காபரோவில் எங்கள் தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழாவுக்கு அமெரிக்கச் சித்திரக் கதைகளில் வரும் ஒரு வீராங்கனையின் கதையை நாடகமாகப் போடலாம் என்று சொன்னவள் நான். பழைய கொமிக் புத்தகங்களைத் தேடி வாசித்து வசனம் எழுதியவளும் நான்தான். வீராங்கனையாக என் மகள் நடிக்கிறாள். அந்த வீராங்கனையின் தாயான ராணியாக நான் நடிப்பதாகத்தான் பேச்சு.

இன்று ஒத்திகையில், நாடகத்தைப் பழக்கும் சிவராசா மாஸ்டர் அந்த வேடத்தைத் தன் மனைவிக்குக் கொடுத்துவிட்டார். தலையில் மஞ்சள் விக் வேறு.

"ராணிக்குப் பொன் முடி, தங்கச்சி. உமக்கு உது எடுபடாது," என்றார், எல்லோருக்கும் முன்னால்.

"முதல் வந்த புத்தகங்களில அவவுக்குக் கறுப்பு முடிதான், மாஸ்டர். பிறகுதான் பொன்னிறமாக்கினவை."

"உதையெல்லாம் ஆர் பாக்கப் போகினம்?" என்று சிரித்தார். விக்கைத் தடவியபடி மனைவியும் சிரித்தாள். என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அதைத்தான் மறக்க முடியவில்லை.

அந்த முதல் கதைகளில் ராணியின் பலமெல்லாம் அவள் இடுப்பு ஒட்டியாணத்தில் இருக்கும். ஒருவன் நயமாகப் பேசி, விருந்துண்டு, அதைக் களவாடுவான். அத்தோடு அவள் அடிமையாகிவிடுவாள். பிறகு விலங்கை உடைத்துக்கொண்டு எழும்புவாள். மாஸ்டர் அந்தப் பக்கங்களை வாசிக்கவில்லை.

உடுப்புத் தைக்கும் பொறுப்பை மட்டும் அவர் என்னிடமே விட்டிருக்கிறார். ஒட்டியாணம் இப்போது என் மடியில் கிடக்கிறது. ராணியின் பாவாடையையும் அதுதான் தாங்க வேண்டும். முன்பக்கத்தை நல்ல வடிவாகத் தைத்துவிட்டேன். பின்பக்கக் கொழுக்கிக்கு ஒற்றை நூல் போதும்.